மூடி வைத்த தட்டு

புரட்டாசி அமாவாசையன்று எங்கள் வீட்டில் மூன்று வாழை இலைகளும் ஒரு எவர்சில்வர் தட்டும் இருக்கும். இலைகள் மூன்றும் சுவரோரம், அப்பா படத்துக்குக் கீழே வரிசையாகக் கிடக்கும். தட்டு மட்டும் தள்ளி, அடுப்படி வாசலை ஒட்டி, இன்னொரு தட்டால் மூடப்பட்டிருக்கும். எறும்பு ஏறாமலிருக்க அதைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் அம்மா வைத்திருப்பாள். இலைகள் செத்தவர்களுக்கு. அப்பாவுக்கு ஒன்று, அப்பாவைப் பெற்றவர்களுக்கு ஆளுக்கொன்று. தட்டு என் அக்காவுக்கு.

வேலைக்குப் போனவர் வீடு திரும்ப நேரமானால் அவர் பங்குச் சோற்றை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் மூடி வைப்பார்கள். இலையில் வைத்தால் படையல். தட்டில் வைத்து மூடினால், வரப்போகிறவருக்கான சாப்பாடு. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு என் அம்மா பல வருடம் நின்றாள். மலைச்சரிவில் காணாமல் போன மகளுக்கு இலை போட மாட்டேன் என்று, ஊரும் உறவும் சொல்லச் சொல்ல, அசையாமல் நின்றாள்.

அமாவாசை கும்பிடுவது எங்கள் வீட்டில் பெரிய காரியம் ஒன்றுமில்லை. வசதி உள்ளவர்கள் போடியிலிருந்து வண்டி பிடித்துச் சுருளி அருவிக்குப் போய்க் குளித்து, ஐயரை வைத்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார்கள். எங்களுக்கு ஐயரும் கிடையாது, ஆறும் கிடையாது. முதல் நாள் அம்மா வீட்டைக் கழுவிவிடுவாள். காலையில் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். சோறு, குழம்பு, பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய், உளுந்தவடை, பாயசம். அப்பா இலைக்குப் பக்கத்தில் ஒரு கட்டு பீடி. சமைக்கும்போது எதையும் உப்புப் பார்க்கக் கூடாது. அவர்கள் வாய் வைக்கும் முன் நாம் வாய் வைக்கலாகாது. சூடம் காட்டி, ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நிற்போம். அவர்கள் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமல்லவா? பிறகு இலைக்கு ஒரு கவளமாக எடுத்து மதில்மேல் வைத்துக் காக்காயைக் கூப்பிட வேண்டும். காக்காய் எடுத்தால் அவர்கள் எடுத்த மாதிரி. அதன் பிறகு நாம் சாப்பிடலாம். அவ்வளவுதான் எங்கள் அமாவாசை.

உப்புப் பார்க்கும் விஷயத்தில்தான் அம்மாவின் பிடிவாதம் எனக்கு முதலில் புரிந்தது. அக்கா காணாமல் போன அந்த வருடம், குழம்பிலிருந்து இரண்டு கரண்டியைச் சின்னச் சட்டியில் தனியாக மாற்றினாள். அதை மட்டும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "உப்புப் பத்தல. அவ வந்தா கத்துவா" என்று சொல்லிக்கொண்டு ஒரு சிட்டிகை போட்டாள். பெரிய சட்டியில் இருந்தது செத்தவர்களின் சாப்பாடு; அதை அவள் தொடவில்லை. ஒரே அடுப்பில் செத்தவர்களுக்கும் இருப்பவளுக்கும் தனித்தனியாகச் சமைத்தாள்.

அப்பா ஏலக்காய்க் குடோனில் மூட்டை சுமந்தவர். ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அந்த வருடமே அம்மா அவருக்கு இலை போட்டாள். ஒரு தயக்கமும் காட்டவில்லை. சாவு தெரியாதவள் இல்லை என் அம்மா. அப்பா போனதும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்பில் அம்மாவோடு அக்காவும் ஏறினாள். அஞ்சாவதோடு அவள் படிப்பு முடிந்தது. என் படிப்பு தொடர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, நான் பெருமைக்காரி. ஆனால் என் பெருமையை என்னைவிட அதிகம் சுமந்தவள் அக்கா. என் மார்க்கை ஜீப்பில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் போடிமெட்டுக்கு ஏறுவாள்.

ஒரு ஆவணி மாத விடுமுறையில் நானும் அடம்பிடித்து அந்த ஜீப்பில் போனேன். விடியும் முன் கிளம்பி, வளைவு வளைவாக ஏறி, மெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் பனி முகத்தில் அடித்தது. நசுங்கி உட்கார்ந்திருந்த பெண்களிடம் அக்கா ஏலம் விடுகிறவளைப் போலக் கூவினாள்.

"எந் தங்கச்சிகிட்ட என்னத்த வேணும்னாலும் கேளுங்க. எல்லாத்துக்கும் இங்கிலீசு சொல்லுவா!"

அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கக் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "எங்க, அட்டைக்கு என்னான்னு சொல்லச் சொல்லு பாப்போம்."

"லீச்" என்றேன்.

"இங்கிலீசுல கூப்பிட்டா மட்டும் கடிக்காம விட்ருமாக்கும்?" என்றார் பெரியம்மா. ஜீப்பு குலுங்கியது. ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஆத்தா, அந்த லீச்ச எம் பக்கமாத் தள்ளி விட்ராதீக, வளைவு வருது" என்றார். அன்று முழுக்கத் தோட்டத்தில் யாரைப் பூச்சி கடித்தாலும், "ஏய், லீச்சு!" என்று அலறல் கேட்டது. அக்கா சிரித்துச் சிரித்துச் சரத்தில் காயை விட்டு இலையைப் பிய்த்தாள். ஏலச்செடியின் காய் தரையை ஒட்டித்தான் சரம் சரமாகப் பிடிக்கும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, ஈரத்தில் குத்தவைத்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். என்னை ஒரு காய்கூட எடுக்க விடவில்லை. "கறை புடிச்சா ஒரு வாரத்துக்குப் போவாது. பள்ளிக்கூடத்துல என்னான்னு கேப்பாக. அங்கிட்டுப் போயி உக்காரு" என்று ஒரு கல்லைக் காட்டினாள். அவள் விரல் நுனிகள் கறுத்துக் கிடந்தன. சோறு பிசையும்போதும் அந்த விரல்கள் ஏலக்காய் மணக்கும்.

நான் பத்தாவது படித்த வருடம் ஆடி மாதம் மலையில் மழை விடவேயில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா மட்டும் போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மழை சற்று வெறித்திருக்கிறது. எல்லோருடைய தூக்குவாளிகளையும் வாங்கிக்கொண்டு, "நான் கழுவியாறேன், நீங்க வெத்தலயப் போடுங்க" என்று கீழே ஓடைக்கு இறங்கியிருக்கிறாள். அதன் பிறகு லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது என்றார்கள் மேலே இருந்த பெண்கள். திரும்பிப் பார்த்தபோது ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. டிரைவர் அண்ணன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, "உருள் பொட்டிருச்சு" என்றார். மலையில் மண்ணும் பாறையும் சரிந்து வருவதற்கு மலையாளத்தில் சொல்லும் வார்த்தை. அம்மாவுக்கு அது புரிந்தது. எனக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 

மண்ணை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். மழை மறுபடி பிடித்தது, நிறுத்தினார்கள், மறுபடி தோண்டினார்கள். நசுங்கிய தூக்குவாளிகள் சில கிடைத்தன. அக்கா கிடைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு வாளியாகக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாம் மத்தவுகளது. எங்க வாளி இதுல இல்ல" என்றாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு தெம்பு வந்ததை நான் கேட்டேன். வாளி இல்லையென்றால் அதைத் தூக்கிக்கொண்டு அக்கா எங்கோ போயிருக்கிறாள். தலையில் அடிபட்டு ஊர்பேர் மறந்து, மலையாளத்துக்காரர் யார் வீட்டிலோ இருக்கிறாள். அன்றைக்கு அம்மா பிடித்த கயிறு அது.

அக்கா இறந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். படித்ததால் வந்த அறிவு இல்லை அது. அந்தச் சத்தத்தைப் பெண்கள் விவரித்தபோது அவர்கள் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தவள் நான். ஆனால் அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தட்டை நகர்த்துவது என் வேலையில்லை என்று மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

சொன்னவள் அத்தை. அப்பாவின் அக்கா. தம்பிக்குப் படைக்க ஒவ்வொரு அமாவாசைக்கும் பூவோடு வந்துவிடுவாள். முதல் வருடமே தட்டைப் பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, இது யாருக்கு?"

"எம் மகளுக்கு."

"எலையில வையி. கல்யாணங் காச்சி பாக்காமப் போன புள்ள. கும்பிடலேன்னா அந்தரத்துல நிப்பா. பசிச்ச கன்னி வீட்டுக்கு ஆகாது."

"போனான்னு யாரு சொன்னது? நீங்க பாத்தீகளா மதினி?"

"ஊரே சொல்லுது."

"அப்ப ஊரு போடட்டும் எலைய. உசுரோட இருக்கிறவளுக்கு எலை போட்டா என்னாகும்னு தெரியாதா? எங்க, ஒங்க மகளுக்குப் போடுங்க பாப்போம்!"

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, சாப்பிடாமல், முந்தானையை உதறிக்கொண்டு போனாள். ஆனால் அவள் கோபத்துக்கு ஆயுள் அடுத்த அமாவாசை வரைக்கும்தான். மறு வருடம் வந்தாள், கையில் ஒரு பையோடு. பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் வீட்டுக் கன்னி என்பார்கள். அவளுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிட்டு, அந்தத் துணியை வீட்டிலுள்ள இன்னொரு பெண் உடுத்திக்கொள்வாள். இங்கே அந்த இன்னொரு பெண் நான். அம்மா பையைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. சாயங்காலம் அத்தை அதைத் திரும்ப எடுத்துப் போனாள். அடுத்த வருடமும் கொண்டுவந்தாள், அடுத்த வருடமும் எடுத்துப் போனாள்.

வராத மகளின் சோற்றை அம்மா வீணாக்கியதில்லை. மறுநாள் விடிந்ததும் தட்டைத் திறந்து, சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து குடித்துவிட்டு ஜீப்புக்கு ஓடுவாள். ஆமாம், அதே தோட்டத்துக்குத்தான். எத்தனையோ பேர் சொல்லியும் வேறு தோட்டத்துக்கு மாறவில்லை. "அவ தேடி வந்தா அங்கனதான வருவா" என்பாள்.

ஒருமுறை யாரோ சொன்னார்கள், மலைக்கு அந்தப் பக்கம், ராஜாக்காடு ஊருக்கு அருகே ஒரு சாயாக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அக்கா சாயல் என்று. அம்மாவும் நானும் பஸ்ஸேறிப் போனோம். கடைக்குள் நுழைந்ததுமே அக்கா இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பெண்ணின் அருகில் போய், அவள் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, சின்ன வயதில் அக்கா விழுந்து வாங்கிய தழும்பைத் தேடினாள். அந்தப் பெண் விலகவில்லை. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, தேடி முடிக்கும் வரை தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கரயல்லே அம்மா" என்றாள். அழாதே என்று அர்த்தம். திரும்பி வரும்போது போடிமெட்டு இறக்கத்தில் அம்மா சொன்னாள்: "மூக்கு அப்படியே இருந்துச்சு, பாத்தியா?" அந்த வருடத் தட்டில் வடை ஒன்று கூடுதலாக இருந்தது.

நான் பி.காம். முடித்தேன். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு தோட்டத்துக் காயிலிருந்தும் ஒரு கைப்பிடி சாம்பிள் அவர்கள் முன்னால் வரும். உருட்டிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், விலை ஏறும். எந்தத் தோட்டத்துக் காய் என்ன விலைக்குப் போனது என்பதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. முதல் நாள் நான் கிளம்பும்போது அம்மா தெருவரைக்கும் வந்து, "குடோன்ல மூட்ட தூக்குனவரு மக, நாற்காலில உக்காரப் போறா" என்று யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். அந்தக் குரலில் அக்காவின் குரல் இருந்தது.

சரிந்த இடம் இரண்டு மழைக்காலம் வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. பிறகு தோட்டத்துக்காரர்கள் கல் அடுக்கி மண்ணை நிறுத்தினார்கள். நிழலுக்கு மரம் நட்டார்கள். அதன்கீழ் ஏலச்செடி வைத்தார்கள். இதையெல்லாம் அம்மா வந்து சொன்னதில்லை. டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். செடி வைத்து மூன்று வருடமாவது ஆக வேண்டும், கை நிறையக் காய் கிடைக்க. சென்ற வருடம் ஆவணியில் அந்தச் சரிவில் காய் எடுக்க முறை வந்தது. பெண்கள் மாட்டேன் என்று நின்றுவிட்டார்களாம். "அங்கன குத்தவைக்க எங்களுக்கு மனசு வரல" என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாளாம். சாயங்காலம் வரை எடுத்தாளாம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கைகழுவப் போகவில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சரிவுல காய் எடுத்தேன் இன்னைக்கு."

நான் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நல்லாப் புடிச்சிருக்குடீ. ஒவ்வொண்ணும் இம்புட்டுத் திரட்சி. வேற எந்த மேட்டுலயும் அப்படி இல்ல." சற்று நேரம் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல மண்ணு" என்றாள்.

அடுத்த வாரம் அந்தத் தோட்டத்துக் காய் ஏலத்துக்கு வந்தது. ஒரு வியாபாரி உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, என்னா காய்யா இது!" என்றார். விலையைக் கணினியில் ஏற்றிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்மா சொன்னாள்: "இந்த மொற நாலு எலை வாங்கு." அத்தையின் பையைக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "தாவணி போடுற வயசா அவளுக்கு? இந்நேரத்துக்கு இடுப்புல ஒரு புள்ள இருக்கும். சேலை எடுக்கணும், வா."

இறந்துபோன பெண்ணுக்கு வயது ஏறாது என்றுதான் எங்கள் வழக்கம் சொல்கிறது. போன வயதுக்கு உரிய துணியைத்தான் வைப்பார்கள். அம்மாவுக்கு அக்கா நின்றுபோகவில்லை. எங்களோடு சேர்ந்து வருடா வருடம் வளர்ந்திருக்கிறாள். கடையில் அம்மா சேலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எதுவும் பிடிக்கவில்லை.

"யாருக்கும்மா? இந்தப் பாப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.

"இவளுக்கு மூத்தவளுக்கு. இவளவிட நெறம்."

"கூடக் கூட்டியாந்திருந்தா வச்சுப் பாத்து எடுத்திருக்கலாம்ல?"

"அவளுக்கு மலையில சோலி" என்றாள் அம்மா. ஒரு பச்சைச் சேலையை எடுத்து என் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள்.

சென்ற வருட அமாவாசைக்கு எங்கள் வீட்டில் நான்கு இலைகள். சின்னச் சட்டி பரண்மேலேயே இருந்தது. எல்லாம் பெரிய சட்டியில்தான்; அம்மா உப்புப் பார்க்கவில்லை. அக்கா இலையில் பூசணிக்காய் வைக்கவில்லை. அவளுக்கு அது ஆகாது. அத்தை வந்து, நான்காவது இலையையும் அதன் முன்னால் மடித்து வைத்த சேலையையும் பார்த்தாள். உட்கார்ந்து பூவைப் பிரிக்க ஆரம்பித்தாள். அம்மா அப்பாவைப் பெற்றவர்களை "மாமா, அத்தை, வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாள். அப்பாவை "என்னாங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். நான்காவது இலை முன்னால் வந்ததும் அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். "அக்கா, வா" என்றேன் நான்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அன்றைக்குக் காக்காய்க்குப் போடியில் கிராக்கி அதிகம். எல்லா மதிலிலும் சோறு இருக்கும். வயிறு நிரம்பியவை கூப்பிட்டாலும் வருவதில்லை. "இன்னைக்கு ஒரு நாள் அதுக தாசில்தாரு. நாமதான் காத்துக் கெடக்கணும்" என்று அத்தை எப்போதும் சொல்வாள். அன்றும் மூன்று கவளங்களையும் வைத்து நெடுநேரம் கத்தினோம். அத்தைதான் தொண்டை கட்டக் கத்தினாள். ஒவ்வொன்றாக வந்து ஏதோ கொத்திவிட்டுப் போயின.

கடைசியாக அம்மா அக்காவின் கவளத்தை எடுத்துப் போனாள். அவள் கூப்பிடவில்லை. வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. மதில்மேல் சோற்றை வைத்து, கையை எடுக்காமல் அப்படியே பொத்தினாற்போல் நின்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. காக்காய் வரக்கூடாது என்று நிற்கிறாள். வராவிட்டால், எடுக்காவிட்டால், எங்கோ ஒரு சாயாக்கடையில் அவள் மகள் இன்னும் நிற்கிறாள் என்று அர்த்தம். இலையும் போட்டுவிட்டு, அந்தக் கடைசி நூலையும் விடாமல் பிடித்திருந்தாள்.

அவள் கையை முழுதாக விலக்கக்கூட இல்லை. ஒரு காக்காய் வந்து இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்க்கவில்லை, தத்தித் தத்திப் பின்வாங்கவில்லை. நேராக வந்து, அம்மாவின் விரலுக்குப் பக்கத்திலேயே கொத்தி, வாய் நிறைய எடுத்தது. விழுங்கிவிட்டு மறுபடி எடுத்தது.

"எடுத்துக்கிட்டா!" என்று அத்தை அலறினாள். "எம் புள்ள எடுத்துக்கிட்டா!"

அம்மா அழவில்லை. காக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசிப் பருக்கை வரை பொறுக்கித் தின்றுவிட்டு, காலியான மதிலில் அலகைத் தேய்த்தது.

"பசியோட இருந்திருக்காடீ" என்றாள் அம்மா. "இம்புட்டு வருசமும் வாசல்ல வந்து நின்னுட்டு, தட்ட மூடியிருக்கவும் பசியோடயே திரும்பிப் போயிருக்கா."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி, நான்காவது இலையை அப்படியே சோற்றோடு இரு கையிலும் ஏந்திக்கொண்டு மதிலை நோக்கி வந்தாள்.